டர்போசார்ஜர்: அதன் ஆற்றலும் எல்லையும்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு உண்டு. இடையிலுள்ள வழிகளிற் பல தார் கண்டறியாத செம்மண் வழிகள். சிம்சன் பாலைவனத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்ட மணல்மேடுகள் வரிசை வரிசையாய்க் கிடக்கின்றன. பர்ட்ஸ்வில் என்னும் சிற்றூருக்கு அண்மையிலுள்ள ‘பிக் ரெட்’ என்னும் மேடு மட்டும் ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுடையது. இத்தகைய நிலத்தில் சுரங்கத் தொழிலாளரும் கால்நடைப் பண்ணையாளரும் நெடும்பயணம் செல்வோரும் நம்பியிருப்பது நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் டீசல் வண்டியையே. அவற்றுள் டொயோட்டா நிறுவனத்தாரின் லாண்ட் குரூசர் 70 வரிசை வண்டி அங்கே மிகவும் பெயர் பெற்றது.

2007ஆம் ஆண்டில் இவ்வண்டிக்கு எட்டு சிலிண்டர்களும் 4.5 லிட்டர் கொள்ளளவும் உடைய டீசல் எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டது. அதன் வலிமை 151 கிலோவாட். முறுக்கு விசை 430 நியூட்டன்-மீட்டர். அதே குடும்பத்து எஞ்சினே அக்காலத்தில் லாண்ட் குரூசர் 200 என்னும் விலையுயர்ந்த வண்டியிலும் அமைந்து 195 கிலோவாட்டும் 650 நியூட்டன்-மீட்டரும் தந்தது. முன்னதில் டர்போசார்ஜர் ஒன்று; பின்னதில் இரண்டு. இவ்வேறுபாட்டைக் கண்ட 70 வரிசை உடைமையாளர் பலர், தம் வண்டியின் டர்போசார்ஜரைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பொருத்தினால் தமக்கும் அவ்வலிமை கிட்டுமன்றோ என்று எண்ணலாயினர். இவ்வெண்ணம் எவ்வளவு சரி, எவ்விடத்தில் தவறு என்பதை ஈண்டு ஆராய்வோம். பௌதிக வகுப்பில் வாயுக்களின் விதிகளைப் பயின்ற மாணவர்க்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

அவர்கள் அதிக வலிமையை வேண்டுவது வீண் ஆசையன்று. வண்டியின் நிறை சுமைகளுடன் 3 டன் என்றும், பின்னே கட்டியிழுக்கும் வீட்டுவண்டியின் நிறை 3.5 டன் என்றும் கொள்வோம். இப்பின்னதே 70 வரிசை வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட பேரளவாகும். நூற்றுக்குப் பத்து வீதம் ஏறும் மலைச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற் செல்ல, அவ்வாறரை டன்னை மேலே தூக்குவதற்கு மட்டும் 106 கிலோவாட் செலவாகும். இதனோடு சக்கரங்களின் உருள்தடையையும், காற்றின் எதிர்ப்பையும், கியர்களிலும் அச்சுகளிலும் வீணாவதையும் கூட்டினால், 151 கிலோவாட்டில் மிச்சம் என்று சொல்லத்தக்கது யாதுமில்லை. பின்னே வரும் லாரிகள் ஒலியெழுப்ப, ஓட்டுநர் கியரைக் குறைத்து ஊர்ந்து செல்லவேண்டியதே.

இனி, டர்போசார்ஜர் என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைவாயுவில் வெப்பமும் விசையும் எஞ்சியிருக்கின்றன. அவ்வாயுவைச் சிறியதொரு சக்கரத்தின் இதழ்கள்மேற் பாயவிட்டுச் சுழலச் செய்து, அதே தண்டின் மறுமுனையிலுள்ள வேறொரு சக்கரத்தால் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டும் கருவியே அது. சுவிட்சர்லாந்து தேயத்துப் பொறியாளர் ஆல்பிரட் பூகி என்பார் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் 1920களில் ‘பிராய்சன்’, ‘ஹான்சஸ்டாட் டான்சிக்’ என்னும் இரு ஜெர்மானியக் கப்பல்களில் இது பொருத்தப்பட்டு, ஒவ்வோர் எஞ்சினின் வலிமையும் 1750 குதிரைத்திறனிலிருந்து 2500 ஆக உயர்ந்த பின்னரே உலகம் இதனை நம்பிற்று. கப்பலில் எஞ்சின் ஒரே வேகத்தில் நாட்கணக்காய் ஓடும். மணல்மேட்டில் ஏறும் வண்டியோ நொடிக்கு நொடி வேகம் மாறும். நாம் காணப்போகும் இடர்களுட் பல இவ்வேறுபாட்டினின்றே தோன்றுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ளவேண்டும். டர்போசார்ஜர் வலிமையை உண்டாக்குவதில்லை. அது காற்றையே தருகின்றது. வலிமை பிறப்பது எண்ணெயிலிருந்து. 4.5 லிட்டர் எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்று ஓடுங்கால், அழுத்துங் கருவி யாதுமின்றித் தானே உறிஞ்சக்கூடிய காற்று ஏறத்தாழ 6700 லிட்டர். நிறையளவில் ஏழரைக் கிலோ எனலாம். ஒரு கிலோ டீசல் முற்றும் எரிவதற்குக் கணக்கின்படி பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். ஆயின் டீசல் எஞ்சினில் எண்ணெய் கடைசி நொடியிற் பீச்சப்படுவதால் ஒவ்வொரு துளியும் தனக்குரிய பிராணவாயுவைத் தேடியடையப் போதிய அவகாசமில்லை. ஆதலின் பதினெட்டுக் கிலோவேனும் இல்லாவிடிற் கரும்புகை எழும். அங்ஙனமாயின் ஏழரைக் கிலோ காற்றிற்கு நிமிஷமொன்றில் ஏறக்குறைய 400 கிராம் எண்ணெய்க்கு மேல் ஊட்டுதல் தகாது. காற்றை இருமடங்காக்கினால் 800 கிராம் ஊட்டலாம். வலிமையும் ஏறத்தாழ இருமடங்காகும். கரும்புகை கக்கிச் செல்வதை வீரமென்று கருதும் இளைஞர் சிலர் எந்நாட்டிலும் உளர். அப்புகை, காசு கொடுத்து வாங்கி எரிக்காது விட்ட எண்ணெயேயன்றி வேறன்று.

இதனால் ஒன்று பெறப்படும். பெரிய டர்போசார்ஜரைப் பொருத்திவிட்டு எண்ணெயின் அளவைத் திருத்தாது விட்டால், எஞ்சின் சிறிது குளிர்ந்து ஓடுமேயன்றி வலிமை மிகாது. அவ்வளவைத் தீர்மானிப்பது வண்டியிலுள்ள கணினி. ஆகவே கருவியை மாற்றுவோர் கணினியின் கணக்கையும் மாற்றியே தீரவேண்டும்.

அங்ஙனமாயின் கணினியை மட்டும் திருத்திப் பழைய டர்போசார்ஜரையே இன்னும் வேகமாய்ச் சுழலவிட்டால் என்னை? பலரும் முதலிற் செய்வது இதுவே; ஓரளவு வரையில் இது நல்ல பயனும் தரும். அவ்வளவைக் கடந்தபின் நிகழ்வதைக் கவனிக்க. காற்றை அழுத்தினால் அது சூடேறும். 30 பாகை வெப்பமுள்ள காற்றை 2.2 மடங்கு அழுத்தத்திற்குக் கொணர்ந்தால், தன் தகுதிக்கேற்ற வேகத்திற் சுழலும் நல்ல கருவியில் அது 135 பாகை அளவிற்குச் சூடாகும். தகுதிக்கு மேல் விரட்டப்படும் சிறு கருவியிலோ அதே அழுத்தத்திற்கு 160 பாகையைத் தொடும். சூடேறிய காற்று விரிந்து நிற்பதால் ஒரு லிட்டரில் அடங்கும் பிராணவாயு குறைகின்றது. அழுத்தமானியின் முள் இரண்டிலும் ஓரிடத்தையே காட்டும். உள்ளே செல்லும் காற்றின் நிறையோ ஒன்றன்று. முள்ளை மட்டும் நோக்கி மகிழ்வோர் ஏமாறும் இடம் இதுவே. அன்றியும், சிறிய சுழற்சக்கரத்தின் குறுகிய வாயிலில் புகைவாயு தேங்கிப் பின்னோக்கி அழுத்துவதால், பிஸ்டன்கள் அதனை வெளியே தள்ளுவதிலேயே வலிமையின் ஒரு கூறு கழிந்துபோகும்.

சூடான காற்றைக் குளிர்விக்கவே இன்டர்கூலர் என்னும் உறுப்பு உளது. 125 பாகையிலிருந்து 60 பாகைக்குக் குளிர்வித்தால் காற்றின் செறிவு ஐந்திலொரு பங்கு கூடும். 70 வரிசை வண்டியில் இவ்வுறுப்பு எஞ்சினின் மேலே, மூடியிலுள்ள திறப்பின் கீழே அமைந்திருக்கின்றது. விரைந்து செல்லுங்கால் இது நன்கு குளிரும். மணலில் ஊர்ந்து செல்லும்போது எதிர்காற்று இல்லாமையால் எஞ்சினின் சூட்டையே தான் வாங்கிக்கொள்ளும். அதனாற் பலர் இதனைப் பெரிதாக்கி வண்டியின் முகப்புக்கு மாற்றுகின்றனர். செலவைக் கருதின், டர்போசார்ஜருக்கு முன்னர் இதனைச் செய்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.

இதுகாறும் கூறியவை பெரிய கருவியின் பக்கம் பேசுவன. இனி மறுபக்கம். ஒரே வடிவும் ஒரே உலோகமும் உடைய இரு சக்கரங்களுள் ஒன்று மற்றையதினும் குறுக்களவில் பத்திலொரு பங்கு பெரிது என்க. அது செலுத்தக்கூடிய காற்று, பரப்பை ஒட்டி, ஐந்திலொரு பங்கு மிகும். ஆனால் சுழற்சியை எதிர்க்கும் அதன் சடத்துவம் குறுக்களவின் ஐந்தாம் படியை ஒட்டி உயர்வதால் ஐந்தில் மூன்று பங்கு மிகும்! காற்றிற் பெறும் ஆதாயம் நூற்றுக்கு இருபது. அதற்கு இறுக்கும் விலை நூற்றுக்கு அறுபது. ஓட்டுநர் மிதிகட்டையை அழுத்தியபின் சக்கரம் தன் வேகத்தை எய்தும்வரை எஞ்சின் காற்றுக்கு ஏங்கி நிற்கும். இத்தாமதம் நெடுஞ்சாலையிற் பொறுக்கத்தக்கதே. மணல்மேட்டின் அடியிலோ, பாறை வழியிலோ, எஞ்சின் 1500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கையில், புகைவாயு குறைவாயிருக்கும்போதே இழுவிசை வேண்டப்படுகின்றது. அங்கே இரண்டு நொடித் தாமதம் வண்டியை மணலிற் புதைத்துவிடும்.

இதனைத் தணிக்க, இவ்வண்டியிலுள்ளது போன்ற டர்போசார்ஜர்களில் சுழற்சக்கரத்தைச் சூழ அசையும் தகடுகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. தகடுகள் நெருங்கினால் வாயிலின் இடைவெளி குறுகி, குழாயின் வாயை விரலால் அடைத்தபோது நீர் பாய்வதுபோலப் புகைவாயு விரைந்து பாயும். அதனாற் குறைந்த வேகத்திலும் சக்கரம் எழுச்சி கொள்ளும். இத்தகடுகளை விடுத்து வெறும் பெரிய கருவியை மாட்டுவோர், மேல்வேகத்தில் வலிமையைப் பெற்றுக் கீழ்வேகத்தில் அதனை இழக்கின்றனர். ஆஸ்திரேலியப் பட்டறைகளிற் சில, பழைய கூட்டையும் தகடுகளையும் வைத்துக்கொண்டே சற்றுப் பெரிய சக்கரங்களை உள்ளே பொருத்தித் தருகின்றன. பண்ணை வேலைக்கும் பாலைவனப் பயணத்திற்கும் இதுவே பொருத்தமுடையதாய்த் தோன்றுகின்றது. இரண்டு டர்போசார்ஜர்களாக மாற்றுவோரும் உளர். அதன் செலவு வேறு.

எஞ்சினின் உயிருக்கு இடையூறு வருவது வெப்பத்தால். பெட்ரோல் எஞ்சினில் எண்ணெய் குறைந்தால் வெப்பம் மிகும் என்று கேட்டிருப்போம். டீசல் எஞ்சினில் நேர்மாறு. காற்றிற்கு மிஞ்சிய எண்ணெயே அதனைச் சுடுகின்றது. பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 பாகையில் உருகும். எரிவாயுவின் வெப்பம் அதனினும் பன்மடங்கு மிகுந்திருந்தும் பிஸ்டன் பிழைத்திருப்பது, அவ்வெப்பம் நொடியின் சிறு கூறே அதனைத் தீண்டுவதாலும், கீழிருந்து பீச்சப்படும் எண்ணெய் அதனைக் குளிர்விப்பதாலுமே. வீட்டுவண்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிஷம் இடைவிடாது மலையேறுங்கால் இவ்விரு காப்பும் போதாமற் போகலாம். ஆகவே புகைவாயுவின் வெப்பத்தை, அது சுழற்சக்கரத்தை அடையுமுன், அளந்து காட்டும் மானி ஒன்றைப் பொருத்துதல் இன்றியமையாதது. நெடுநேரம் அது 700 பாகையைக் கடவாமற் காப்பது பட்டறையாளர் பலர் கைக்கொள்ளும் வழக்கம். அடுத்த பட்டறை 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் நாட்டில் உருகிய பிஸ்டன் என்பது பணநஷ்டம் மட்டுமன்று. குடிநீர் எவ்வளவு மிச்சமிருக்கின்றது என்ற கேள்வியுமாகும்.

டர்போசார்ஜரின் தண்டு நிமிஷத்திற்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது. பெரும்பாலான கருவிகளில் அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தே சுழல்கின்றது. கடும் ஏற்றம் ஏறிவந்தவுடன் எஞ்சினை நிறுத்தினால், ஓட்டமற்று நின்ற எண்ணெய் அங்கேயே கரியும். சில நிமிஷம் வெறுமே ஓடவிட்டு நிறுத்துவதே முறை. உறிஞ்சும் காற்று மிகுவதாற் புழுதியும் மிகும். வடிகட்டியின் விளிம்பிற் சிறு இடுக்கிருப்பினும் நுண்மணல் உட்புகுந்து சக்கர இதழ்களையும் சிலிண்டர்களையும் அரித்துவிடும்.

கூடிய விசை எஞ்சினோடு நிற்பதில்லை. இவ்வண்டியின் ஐந்து கியர்ப் பெட்டிக்கு முன்னுள்ள கிளச், 430 நியூட்டன்-மீட்டருக்கென அமைந்த வண்டியின் கிளச். வலிமையை உயர்த்தியோர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் புகார் அது வழுக்குகின்றது என்பதே. ஆதலின் உறுதியான கிளச்சின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கிற் சேர்க்கவேண்டும். 200 வரிசையின் 650 நியூட்டன்-மீட்டர் இரண்டாவது டர்போசார்ஜரால் மட்டும் வந்ததன்று. அதைத் தாங்கத்தக்க தானியங்கிக் கியர்ப்பெட்டியும் உடனிருந்தது.

சட்டமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வாகனங்களைத் திருத்துவதற்குரிய நெறிகள் ‘வாகனத் தர அறிக்கை 14’ என்னும் தொகுப்பில் வகுக்கப்பட்டிருக்கின்றன. செயற்படுத்துவது அந்தந்த மாநிலம். தகுதி பெற்ற பொறியாளரின் சான்று வேண்டப்படும் இடமும் உண்டு. காப்புறுதி நிறுவனத்திற்கும் அறிவித்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு முதல் இவ்வண்டியில் அமைந்த புகைத்துகள் வடிகட்டியைக் கழற்றிவிட்டுச் சாலையில் ஓட்டுதல் குற்றமாம்.

வேலை முடிந்தபின் வண்டியை உருளைகளின்மேல் ஏற்றி வலிமையை அளந்து கோட்டுப்படமாகத் தருவது பட்டறைகளின் வழக்கம். உடைமையாளர் முதலில் நோக்குவது உச்சியிலுள்ள எண்ணையே. நண்பர்க்குச் சொல்வதும் அதனையே. திருத்தத்திற்கு முன் எடுத்த படத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து, 1500 முதல் 2000 சுற்று வரையுள்ள பகுதியை ஒப்புநோக்குதல் வேண்டும். புதிய கோடு அங்கே பழையதற்குக் கீழே விழுந்திருப்பின், அவ்வண்டி மலைச்சாலையில் லாரிகளை முந்தும். பிக் ரெட்டில் முன்பு ஏறிய உயரத்திற்கு இப்பொழுது ஏறாது. அந்நிலையிற் பணத்தைக் கொடுக்குமுன் தகடுகளின் அசைவையும் கணினியின் கணக்கையும் மறுபடி திருத்தித் தரும்படி கேட்பதே முறை.