உரிமம் இல்லாதவர் நட்ட கல் எல்லைக் கல் ஆகாது

பேராக்கில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் குடும்பங்கள் ஆயுட்காலச் சேமிப்பையும் ஊழியர் சேமநிதிப் பணத்தையும் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே எடுக்கின்றன: ஒரு துண்டு நிலம் வாங்க, ஒரு வீடு கட்ட. இந்த இரண்டிலும் நம் பணத்தைக் காப்பது இருவரின் கையெழுத்து. ஒருவர் உரிமம் பெற்ற நில அளவையாளர், மற்றவர் பதிவு பெற்ற பொறியாளர். அந்தக் கையெழுத்தைப் போடத் தகுதியில்லாத ஒருவர் அளந்தாலோ பிளான் போட்டாலோ, சட்டம் அவரைத் தண்டிக்கும். ஆனால் அவர் கட்டும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. நம் நிலமும் பணமும் அதனால் தானாகத் திரும்பி வந்துவிடாது. ஆகவே தண்டனை என்ன என்பதோடு, பணம் கொடுக்கும் முன் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சட்டம் யாரை அனுமதிக்கிறது?

மலேசியாவில் நில உரிமைக்கான அளவையை அரசின் நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் செய்யலாம். அல்லது 1958ஆம் ஆண்டு உரிமம் பெற்ற நில அளவையாளர் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர் செய்யலாம். அந்த உரிமத்தை வழங்குவது நில அளவையாளர் வாரியம். உரிமம் இல்லாமல் இந்த வேலையைச் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.

பொறியாளர்களுக்கு 1967ஆம் ஆண்டு பொறியாளர் பதிவுச் சட்டம் இருக்கிறது. மலேசியப் பொறியாளர் வாரியம் அதை நடத்துகிறது. பல்கலைக்கழகப் பட்டம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பட்டம் முடித்து வாரியத்தில் பதிந்தவர் பட்டதாரிப் பொறியாளர் மட்டுமே. அவர் தொழில்முறைப் பொறியாளரின் மேற்பார்வையில் வேலை செய்யலாம், ஆனால் தனியாகப் பிளானில் கையெழுத்திட்டு உள்ளூர் மன்றத்தில் சமர்ப்பிக்க முடியாது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தொழில் செய்வதற்கான சான்றிதழையும் வைத்திருக்கும் தொழில்முறைப் பொறியாளருக்கே அந்த அதிகாரம் உண்டு. அவர் பெயருக்கு முன்னால் 'இர்' என்ற அடைமொழி இருக்கும்.

இதை மீறிப் பொறியாளராகத் தொழில் செய்பவருக்கும், பொறியாளர் போல் ஆள்மாறாட்டம் செய்பவருக்கும், பதிவுச் சான்றிதழைப் போலியாகத் தயாரிப்பவருக்கும் 50,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இன்னொரு விதியையும் நாம் அறிந்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவர் செய்த பொறியியல் வேலைக்குக் கூலி பாக்கி என்று அவர் நீதிமன்றம் போக முடியாது. "மீதிப் பணத்தைக் கொடுக்காவிட்டால் கேஸ் போடுவேன்" என்று அவர் மிரட்டினால் பயந்துவிடாதீர்கள். வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

முத்திரையைக் கடன் கொடுப்பதும் தவறுதான். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வாரியம் அவரை விசாரிக்கும். எச்சரிக்கை, அபராதம், இடைநீக்கம், பதிவு ரத்து என்று நடவடிக்கை எடுக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. ஒப்பந்தக்காரர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதியாமல் கட்டுமான வேலை எடுப்பவருக்குக் குறைந்தது 10,000 வெள்ளி, கூடியது 1,00,000 வெள்ளி அபராதம்.

தோட்ட நிலமும் துண்டுப் பங்கும்

நிலத்தைத் துண்டு போட்டு விற்கும் கதை நமக்குப் புதிதல்ல. 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். லயத்தில் இருந்தவர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டித் தோட்டத்துக்குத் தாங்களே பங்காளிகள் ஆனார்கள். பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்ற முடியாது என்பது அந்தப் பிரிவு.

ஆனால் 40 ஹெக்டேருக்குக் குறைந்த பழைய ரப்பர் நிலங்கள் பேராக்கில் நிறைய உள்ளன. இன்று ஏமாற்று வேலை நடப்பது அந்த நிலங்களில்தான். அது எப்படி நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 ஏக்கர் விவசாய நிலம் ஒன்றை ஒருவர் 40 மனையாகப் பிரித்து விற்கிறார் என்று வையுங்கள். ஒரு மனைக்கு ஏறக்குறைய 4,356 சதுர அடி வருகிறது. டேப்பும் மரமுளையும் சிவப்புப் பெயின்ட்டும் கொண்டு ஒருவர் அளந்து காட்டுகிறார். கம்ப்யூட்டரில் வரைந்த வண்ண வரைபடத்தில் உங்கள் மனைக்கு எண்ணும் போட்டிருக்கிறது. சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரையோடு ஓர் ஒப்பந்தமும் கையில் தருகிறார்கள்.

இப்போது சட்டத்தைப் பாருங்கள். தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தை உட்பிரிவு செய்தால், ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டேருக்குக் குறையக் கூடாது. அது கிட்டத்தட்ட 1 ஏக்கர். ஆகவே அந்த 4 ஏக்கரை விவசாய நிலமாக வைத்துக்கொண்டு 4 துண்டுக்கு மேல் பிரிக்கவே முடியாது. 40 பேருக்கும் கிடைப்பது, பட்டாவில் 40இல் 1 என்று பெயர் ஏறினால், பிரிக்கப்படாத பங்கு மட்டும்தான். முளை அடித்த அந்த மூலை உங்களுடையது என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. பெயரே ஏறவில்லையென்றால் அந்தப் பங்கும் இல்லை. விவசாய நிலத்தில் அனுமதியின்றி வீடுகளை அடுக்கினால், நில நிபந்தனையை மீறிய குற்றத்துக்கு நில அலுவலகம் அபராதம் விதிக்கலாம், நிலத்தைப் பறிமுதல் செய்யும் அளவுக்கும் போகலாம்.

சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை நில உரிமையை மாற்றித் தராது. 14ஏ படிவத்தில் கையெழுத்தாகி, நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். நம் நாட்டில் பதிவேடு சொல்வதே முடிவு. "முப்பது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்ற வாதம் பட்டாதாரரின் உரிமையை அசைக்காது. அனுபவ பாத்தியதையால் அந்த உரிமை பறிபோகாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு சொல்கிறது.

முறையாக அளந்த நிலம் எப்படி இருக்கும்? ஒவ்வொரு மூலையிலும் கல்லோ இரும்புக் குழாயோ போன்ற எல்லைக் குறி புதைந்திருக்கும். சான்றளிக்கப்பட்ட வரைபடத்தில், மலாயில் பெலான் அக்குய் என்பார்கள், ஒவ்வொரு பக்கத்தின் திசைக் கோணமும் நீளமும் எழுதப்பட்டிருக்கும். ஜூபெம் அந்த வரைபடத்தை அங்கீகரித்திருக்கும். இவை அனைத்தும் இருந்தால்தான் நிலம் அளக்கப்பட்டதாகச் சட்டம் ஏற்கும். ஒரு குறி காணாமல் போனால் உரிமம் பெற்ற அளவையாளரைக் கொண்டு மறுபடியும் நாட்டச் செய்யுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையாக இருந்தாலும், நாமே கயிறு பிடித்து அளந்து கல் நடக் கூடாது. எல்லைக் குறியைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம்.

ஈப்போவின் மண்

கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைக் காலகாலமாகக் கரைத்துக் குகைகளையும் பொந்துகளையும் உண்டாக்கியிருக்கிறது. அதன் மேல் ஈயச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. குளங்களைத் தூர்த்து, மணலையும் சேற்றையும் கொட்டிய இடங்களில் பின்னாளில் தாமான்கள் எழுந்தன. பக்கத்துப் பக்கத்து மனைகளில்கூட ஒன்றில் பாறை சில அடியிலேயே தட்டும், மற்றதில் ஆழத்தில் வெற்றிடம் இருக்கும். 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் பாறை சரிந்து அடிவாரத்தில் குடியிருந்தவர்களின் உயிரைப் பறித்ததை ஈப்போ மறக்கவில்லை. இப்படிப்பட்ட மண்ணில், துளையிட்டு மண் பரிசோதனை செய்யாமல் 'வழக்கமா இப்படித்தான் போடுவோம்' என்று அஸ்திவாரம் போடுபவரிடம் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.

தாமான் வீட்டை நீட்டிக் கட்டுவதும் இதில் அடங்கும். சமையலறையை இழுப்பது, மாடி எழுப்புவது, சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்குவது ஆகியவற்றுக்கு ஈப்போ மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை. சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின் கீழ், அனுமதி இல்லாமல் கட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தவறு தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 வெள்ளி வரை கூடுதல் அபராதமும் உண்டு. கட்டியவர் தலைமறைவானால், இடிக்கச் சொல்லும் நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்கே வரும். கட்டடமோ மண்வேலையோ தவறான வடிவமைப்பால் அல்லது மேற்பார்வைக் குறையால் சரிந்தால், பொறுப்பானவருக்கு 71ஆம் பிரிவின் கீழ் 5,00,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை.

ஹைலண்ட் டவர்ஸ் சொல்லும் பாடம்

1993 டிசம்பர் 11ஆம் தேதி, சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். 2000ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பில் ஓர் உண்மை தெளிவானது. கட்டடக் கலைஞராகச் செயல்பட்டவர் முழுத் தகுதி பெற்றவர் அல்லர், சிறு கட்டடங்களுக்கு மட்டும் உரிமம் பெற்ற வரைவாளர். அவர், பொறியாளர், மேம்பாட்டாளர் உட்படப் பலர் மீது நீதிமன்றம் பொறுப்பைச் சுமத்தியது. ஆனால் உள்ளூர் மன்றத்தைப் பொறுத்தவரை, 2006இல் கூட்டரசு நீதிமன்றம் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தரும் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி, சரிவுக்கு முந்திய கவனக்குறைவுக்கு அது பொறுப்பில்லை என்றது. "மன்றமே அனுமதி கொடுத்ததே, பிறகென்ன பயம்?" என்று இனி யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 பிப்ரவரி 22ஆம் தேதி நிலநடுக்கத்தில் சிடிவி கட்டடம் இடிந்து 115 பேர் இறந்தார்கள். அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் இன்னொருவரின் பெயரையும் பட்டத்தையும் திருடிப் பொறியாளராகப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது பிறகுதான் தெரிய வந்தது.

பணம் கொடுக்கும் முன்

1. பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள். பொறியாளர் வாரியம், நில அளவையாளர் வாரியம் ஆகியவற்றின் இணையப் பட்டியல்களில் தேடுங்கள். விசிட்டிங் கார்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2. நில அலுவலகத்தில் பட்டாவைத் தேடல் செய்து பாருங்கள். உரிமையாளர் யார், நிலப் பயன்பாடு விவசாயமா கட்டடமா, அடமானமோ, கைமாற்றத்தைத் தடுக்கும் கேவியட்டோ இருக்கிறதா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதைக் கவனியுங்கள்.

3. 'பங்கு மனை' என்று சொன்னால், உட்பிரிவு அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். "அப்ளை பண்ணிட்டோம்" என்ற பதில் அனுமதி ஆகாது.

4. புது வீடானால், சிசிசி எனப்படும், கட்டி முடித்ததற்கான இணக்கச் சான்றிதழைக் கேளுங்கள். 2007 ஏப்ரல் 12 முதல், இந்தச் சிசிசியை வழங்குவது பிளானைச் சமர்ப்பித்த தொழில்முறையாளர். வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்குமான 21 படிவங்கள் அதன் பின்னால் இருக்க வேண்டும்.

5. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் கணக்கில் போட்டு, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நிலப் பணம் வழக்கறிஞர் வழியாகவே போகட்டும்.

ஏமாந்துவிட்டால்

முதலில் தாள்களைச் சேருங்கள்: ரசீது, வாட்ஸ்ஆப் உரையாடல், வரைபடம், முளை அடித்த இடத்தின் படம். பிறகு அந்தந்த வாரியத்துக்கு எழுத்துப் புகார் கொடுங்கள். பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். குற்றவியல் சட்டத் தொகுப்பின் 420ஆம் பிரிவில் மோசடிக்கு 1 முதல் 10 ஆண்டு வரை சிறையும், பிரம்படியும், அபராதமும் உண்டு.

பணம் திரும்ப வேண்டுமானால் உரிமையியல் வழி தேவை. 5,000 வெள்ளி வரையான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். வீட்டைச் சீரமைக்க வந்த ஒப்பந்தக்காரர் வேலையைக் கெடுத்திருந்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கோரலாம். 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நிலத்தைப் பற்றிய தகராறும், சட்டப்படி பதிவு பெற்ற தொழில்முறையாளரின் சேவையும் அந்த மன்றத்தின் வரம்புக்குள் வராது. அவற்றுக்கு நீதிமன்றம்தான். நிலத்தில் உங்களுக்கு உரிமை உண்டு என்றால், விற்றவர் அதை இன்னொருவருக்கு மாற்றாமல் தடுக்க நில அலுவலகத்தில் தனியார் கேவியட் பதியுங்கள். அது 6 ஆண்டு நிற்கும்.

ஒப்பந்த வழக்குக்கும் பொதுவாக 6 ஆண்டுதான் காலவரம்பு. கட்டடத்தின் மறைந்திருந்த குறை பிறகு தெரிய வந்தால், கவனக்குறைவு வழக்குக்கு அது தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கிடைக்கும். ஆனால் தவறு நடந்து 15 ஆண்டு ஆனால் அந்த வாய்ப்பும் போய்விடும். கையில் காசில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இதற்காகவே இருக்கின்றன. உங்களோடு ஏமாந்த மற்றவர்களைத் தேடிப் பிடித்து ஒரே புகாராகக் கொடுத்தால் அதற்கு வலு கூடும்.

நம் ஆட்களில் பலர் ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு மூடி மறைக்கிறார்கள். அந்த மௌனத்தில்தான் அடுத்த மனையும் விற்கப்படுகிறது. அடுத்து கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது மனை வாங்கப் போவதாகச் சொன்னால், விலையைக் கேட்கும் முன் அளந்தவர் யார், அவருடைய உரிம எண் என்ன என்று கேளுங்கள்.