ஈம் (இங்கிலாந்து)

ஈம் என்பது இங்கிலாந்தின் டார்பிசயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அமைந்துள்ள ஒரு சிறிய மலைக் கிராமம் ஆகும். செபீல்டு நகரத்தின் தென்மேற்குத் திசையில் உள்ள இவ்வூரில் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கின்றனர். 1665-1666 ஆண்டுகளில் பிளேக்கு என்னும் கொள்ளைநோய் தாக்கியபோது, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்கும் பொருட்டு ஊர் மக்கள் தம்மைத் தாமே தனிமைப்படுத்திக் கொண்டனர் என்பதனாலேயே இக்கிராமம் பெயர் பெற்றது. அந்நிகழ்வோடு தொடர்புடைய இடங்கள் ஊருக்குள்ளும் சுற்றியுள்ள வயல்வெளிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பழைய நடைபாதைகள் வழியாகக் கால்நடையாகவே சென்று காணலாம்.

அமைவிடமும் நிலவியல்பும்

இருவகைப் பாறைகள் சந்திக்கும் எல்லையில் ஈம் அமைந்துள்ளது. ஊரின் தெற்கே சுண்ணாம்புக்கல் நிலமும், அதில் ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும், கற்சுவர்களாற் பிரிக்கப்பட்ட பசும்புல் வயல்களும் உள்ளன. வடக்கே கரடுமுரடான மணற்கல் மேடு செங்குத்தாக எழுகிறது. அதன் மேற்பரப்பு ஈம் மூர் எனப்படும் புதர்நிலமாகும். இதனையடுத்துள்ள சர் வில்லியம் குன்று கடல்மட்டத்திலிருந்து 429 மீட்டர் உயரமுடையது. சுண்ணாம்புக்கல்லில் ஓடிய ஈயத் தாது நரம்புகளே பல நூற்றாண்டுகளாக இப்பகுதி மக்களுக்கு வேலை அளித்தன. கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளையும் மண்மேடுகளையும் இன்றும் காணலாம்.

கொள்ளைநோய்க் காலம்

1665ஆம் ஆண்டு இலண்டனில் பிளேக்கு பெருமளவில் பரவியிருந்தது. அவ்வாண்டு இலண்டனிலிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவருக்கு அனுப்பப்பட்ட துணிக்கட்டில் நோய்த்தொற்றுடைய தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. ஈரமாயிருந்த துணியைக் கணப்பின் அருகே விரித்து உலர்த்திய உதவியாளர் ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவரே முதலில் இறந்தவர். அவர் 1665 செப்டம்பர் 7 அன்று அடக்கம் செய்யப்பட்டார். குளிர்காலத்தில் தணிந்த நோய், 1666 கோடையில் மீண்டும் கடுமையாகப் பரவியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே மிகுந்த உயிரிழப்பைக் கண்டது. நவம்பர் தொடக்கத்தில் நோய் அடங்கியபோது ஏறத்தாழ 260 பேர் இறந்திருந்தனர்.

ஊரின் பங்குக் குருவாக அப்போது இருந்தவர் வில்லியம் மொம்பெசன். இவர் இளைஞர், ஊருக்குப் புதியவர், மக்களின் நம்பிக்கையை இன்னும் முழுமையாகப் பெறாதவர். இவருக்கு முன் குருவாயிருந்த தாமஸ் ஸ்டான்லி, அரசு விதித்த பொது வழிபாட்டு முறையை ஏற்க மறுத்ததால் 1662இல் பதவி நீக்கப்பட்டவர். பியூரிட்டன் சார்புடைய மக்கள் பலர் இவரையே மதித்தனர். சமயக் கொள்கையில் எதிரெதிர் நிலையிலிருந்த இவ்விருவரும் 1666 சூன் மாதத்தில் ஒன்றுசேர்ந்து மூன்று முடிவுகளை ஊராருக்கு எடுத்துரைத்தனர்.

1. இறந்தவர்களைத் தேவாலய வளாகத்தில் முறைப்படி அடக்கம் செய்வதை நிறுத்தி, அவரவர் குடும்பத்தினரே தத்தம் தோட்டத்திலோ வயலிலோ புதைத்தல்.

2. தேவாலயத்தைப் பூட்டி, வழிபாட்டைத் திறந்த வெளியில் நடத்துதல். குடும்பங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்றல்.

3. ஊரைச் சுற்றி ஓர் எல்லையை வகுத்து, அதனை எவரும் கடவாதிருத்தல்.

எல்லைக்குள் அடைபட்டோருக்கு வேண்டிய உணவையும் மருந்தையும் வெளியூரார் எல்லையில் வைத்துச் சென்றனர். அருகிலுள்ள சாட்சுவர்த் மாளிகையின் உரிமையாளரான டெவன்சயர் பிரபுவும் உதவினார். மொம்பெசனின் மனைவி கேத்தரின், கணவரை விட்டுப் பிரிய மறுத்து ஊரிலேயே தங்கி நோயாளிகளுக்கு உதவியவர். 1666 ஆகஸ்டில் அவரும் நோயால் இறந்தார்.

ஆய்வாளர் கருத்துகள்

ஈம் நிகழ்வைப் பற்றிய நூல்கள் பல, இதனைத் தன்னலமற்ற தியாகமாகவே போற்றுகின்றன. வரலாற்றாய்வாளர் சிலர் இதனை மறுபரிசீலனை செய்துள்ளனர். வசதி படைத்த சிலர் தொடக்கத்திலேயே ஊரை விட்டு வெளியேறிவிட்டனர்; மொம்பெசன் தம் பிள்ளைகளையும் முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். ஏழைச் சுரங்கத் தொழிலாளருக்கோ செல்ல வேறு இடமில்லை. எனவே அனைவரும் முழு விருப்பத்துடனேயே தங்கினரா என்பது விவாதத்திற்குரியது. நோயுற்றோரும் நலமுடையோரும் ஒரே ஊரில் அடைபட்டதால் உள்ளூர் இழப்பு கூடியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. அதே வேளையில், சுற்றுப்புற ஊர்கள் பெருந்தொற்றிலிருந்து தப்பின என்பதும் குறிப்பிடத்தக்கது.

மக்கள்தொகையில் எத்தனை பங்கு அழிந்தது என்பதிலும் வேறுபாடு உள்ளது. ஊரில் 350 பேரே இருந்தனர் எனப் பழைய நூல்கள் கொண்டதால், நால்வரில் மூவர் இறந்தனர் என எழுதப்பட்டது. கணப்பு வரி ஆவணங்களை ஆராய்ந்தோர் மக்கள்தொகை ஏறத்தாழ 700 எனக் கணிக்கின்றனர். இதன்படி இறந்தோர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாவர். இறப்புப் பதிவேட்டின் அடிப்படையில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியவை என்றும், எஞ்சியவையே எலிகள் வழி வந்தவை என்றும் முடிவு கூறியது. ஒரே வீட்டில் வாழ்ந்தோரிடையே தொற்று மிகுந்திருந்ததையும் அது காட்டியது.

ஊருக்குள் உள்ள இடங்கள்

புனித லாரன்சு தேவாலயம்: இடைக்காலத்தைச் சேர்ந்த இத்தேவாலயத்தின் வளாகத்தில், சிற்ப வேலைப்பாடுடைய ஆங்கிலோ-சாக்சன் காலக் கற்சிலுவை ஒன்று நிற்கிறது. அதன் தண்டின் ஒரு பகுதி காணாமற் போனதால் இப்போது உயரம் குறைந்து தோன்றுகிறது. அதனருகே கேத்தரின் மொம்பெசனின் கல்லறை உள்ளது. தெற்குச் சுவரில் 1775ஆம் ஆண்டைச் சேர்ந்த சூரிய மணிகாட்டி பொருத்தப்பட்டுள்ளது. உள்ளே கொள்ளைநோய்க் கதையைக் கூறும் வண்ணக் கண்ணாடிச் சாளரம் உண்டு.

பிளேக்கு வீடுகள்: தேவாலயத்தின் அருகே வரிசையாக அமைந்த கல்வீடுகளே நோய் தொடங்கிய இடமாகும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் அங்கு இறந்தோரின் பெயர்கள் பொறித்த பலகை உள்ளது. இவை இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகள் ஆதலால், பார்வையாளர்கள் தெருவிலிருந்தே காணுதல் முறையாகும்.

ஈம் மாளிகை: கொள்ளைநோய் அடங்கிய சில ஆண்டுகளில், 1670களில், ரைட் குடும்பத்தினரால் கட்டப்பட்டது. இதன் எதிரிலுள்ள பசும்புல் திடலில், குற்றவாளிகளின் கால்களைப் பூட்டி வைத்த பழைய தண்டனை மரச்சட்டம் உள்ளது.

ஈம் அருங்காட்சியகம்: முன்பு மெதடிசுத் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் 1994இல் திறக்கப்பட்டது. கொள்ளைநோயுடன் ஈயச் சுரங்கத் தொழில், ஊரின் பிற்கால வாழ்க்கை ஆகியவையும் இங்கு விளக்கப்படுகின்றன.

சுற்றுப்புற நடைவழிகள்

எல்லைக் கல்: ஈம் கிராமத்திலிருந்து தென்கிழக்கிலுள்ள ஸ்டோனி மிடில்டன் கிராமத்துக்குச் செல்லும் வயல்வழிப் பாதையில் இக்கல் உள்ளது. இதன் மேற்பரப்பில் குழிகள் குடையப்பட்டுள்ளன. பொருள்களுக்கான நாணயங்களைக் காடி நிரப்பிய இக்குழிகளில் மக்கள் இட்டனர். காடி நோயைப் போக்கும் என்பது அக்கால நம்பிக்கை. நீண்டகாலமாகப் பலர் விரல் வைத்துப் பார்த்ததால் குழிகளின் விளிம்பு மழமழப்பாகிவிட்டது.

மொம்பெசன் கிணறு: ஊரின் வடக்கே மேட்டின் மீதுள்ள ஊற்று இதுவாகும். வெளியூரார் வைத்துச் சென்ற பொருள்களுக்கான காசு இங்கும் நீரில் இடப்பட்டது. இதற்குச் செல்லும் வழி செங்குத்தான ஏற்றமுடையது.

ரைலி கல்லறைகள்: ஊரின் கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், வயலின் நடுவே வட்டமான கற்சுவருக்குள் ஏழு கல்லறைகள் உள்ளன. 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டு நாட்களுக்குள் தம் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் இழந்து, அவர்களைத் தாமே புதைத்தார். அயலார் தொற்றுக்கு அஞ்சி உதவிக்கு வரவில்லை. எலிசபெத் நோயிலிருந்து தப்பினார். இவ்விடத்தை இப்போது நேசனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது.

கக்லெட் டெல்ஃப்: தேவாலயம் பூட்டப்பட்டிருந்த காலத்தில் வழிபாடு நடந்த பள்ளத்தாக்கு இதுவாகும். இங்குள்ள சுண்ணாம்புப் பாறை இயற்கை வளைவுகளை உடையது. ஈம் பெண் எம்மட் சிடாலும் ஸ்டோனி மிடில்டன் இளைஞர் ரோலண்ட் டோரும் இவ்விடத்தில் தொலைவில் நின்றே ஒருவரை ஒருவர் பார்த்து வந்தனர் என்றும், 1666 வசந்தத்தில் அவள் வராமற் போனாள் என்றும் ஊர் மரபு கூறுகிறது.

ஈம் மூர்: இப்புதர்நிலத்தில் வெட் விதென்ஸ் எனப்படும் வெண்கலக் காலக் கல்வட்டம் உள்ளது. கற்கள் குட்டையானவை ஆதலால் கோடையில் ஹெதர் புதர்கள் அவற்றை மறைத்துவிடும். பார்ப்பவர் எதிர்பார்ப்பது போல் உயர்ந்த தூண்களை இங்குக் காண இயலாது.

நடப்போர் உரிமையும் கடமையும்

இங்கிலாந்தில் வயல்களின் ஊடே செல்லும் பொது நடைபாதைகளைத் தனியார் நிலமாயினும் எவரும் பயன்படுத்தலாம். இவ்வுரிமை எளிதில் கிடைத்ததன்று. 1932 ஏப்ரல் 24 அன்று, பீக் டிஸ்ட்ரிக்டின் கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தனர். அவர்களில் ஐவர் சிறை சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் தேசியப் பூங்காக்களை ஏற்படுத்தவும் பொது நடைபாதைகளை வரைபடங்களில் பதியவும் வழி செய்தது. அதன்படி 1951இல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டு நிலம், புதர்நிலம் ஆகியவற்றில் குறித்த பகுதிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை அளித்தது.

நடைபாதையை மஞ்சள் அம்புக்குறியும், குதிரையிலும் மிதிவண்டியிலும் செல்லத்தக்க பாதையை நீல அம்புக்குறியும் காட்டுகின்றன. கற்சுவர்களைக் கடக்கப் படிகள் உண்டு. திறந்த கதவை மீண்டும் மூடுதல் வேண்டும். 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தில் மார்ச் 1 முதல் சூலை 31 வரை நாய்களைக் குறுங்கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும். அது தரையில் கூடு கட்டும் பறவைகளின் இனப்பெருக்கக் காலமாகும். மேட்டு நிலத்தில் மூடுபனி திடீரெனச் சூழ்வதால் 1:25,000 அளவிலான நிலப்படத்தைக் கொண்டு செல்லல் நலம்.

நினைவு வழிபாடு

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிளேக்கு ஞாயிறு எனக் கொண்டாடப்படுகிறது. அன்று ஊரார் தேவாலயத்திலிருந்து கக்லெட் டெல்ஃப் வரை ஊர்வலமாகச் சென்று திறந்த வெளியில் வழிபடுவது மரபாகும். இக்காலத்திலேயே ஈரக் களிமண் பரப்பிய பலகைகளில் மலரிதழ்களைப் பதித்துக் கிணறுகளை அலங்கரிக்கும் டார்பிசயர் மரபும் இவ்வூரில் நடைபெறுகிறது. 2020இல் கொரோனா தொற்றின்போது உலகெங்கும் ஊரடங்கு நிலவியதால், ஈம் கிராமத்தின் பெயர் பல நாட்டு இதழ்களில் மீண்டும் இடம்பெற்றது.