அழாத குழந்தை சமத்தா?

1952-ல் லண்டனில் மருத்துவர்கள் கூடிய ஒரு அரங்கில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று திரையிடப்பட்டது. அதன் நாயகி லாராவுக்கு இரண்டு வயது. தொப்புள் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். அழுது ஊரைக் கூட்டவில்லை. கரடி பொம்மையையும் தன் போர்வையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அம்மா எங்கே என்று அவ்வப்போது மெதுவாகக் கேட்கிறாள். முகம் கோணுகிறது; உடனே சமாளித்துக்கொள்கிறாள். அம்மா பார்க்க வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தன் சாமான்களை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டவள், அம்மாவின் கையை மட்டும் பிடிக்க மறுத்துவிடுகிறாள்.

படத்தைப் பார்த்த மருத்துவர்கள் பலர் கொதித்துப்போனார்கள். எங்கள் வார்டில் குழந்தைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள், இது மருத்துவத் தொழிலுக்கே அவதூறு என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்த குழந்தைகள் உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தார்கள். அந்த அமைதிக்கு என்ன பொருள் என்பதுதான் சிக்கல். அதை அவிழ்க்க உளவியலாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

கைகுலுக்கினால் போதும்

அன்றைய மருத்துவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமைதியான குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்று கற்பித்ததே உளவியல்தான். அமெரிக்காவின் ஜான் வாட்சன் அதில் முதன்மையானவர். மனம், உணர்வு என்று பேசிக்கொண்டிருக்காமல் கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் ஆராய வேண்டும் என்று 1913-ல் அறிவித்து, நடத்தையியல் என்ற பெரும் பிரிவைத் தொடங்கி வைத்தவர். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1920-ல் அங்கிருந்து விலகி விளம்பரத் துறைக்குப் போனார்.

1928-ல் அவர் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் பரபரப்பாக விற்றது. குழந்தையைக் கட்டியணைக்காதீர்கள், மடியில் வைத்துக் கொஞ்சாதீர்கள் என்றது அந்த நூல். தவிர்க்க முடியாவிட்டால் இரவில் நெற்றியில் ஒரு முத்தம் போதும். காலையில் கைகுலுக்கினால் போதும். அழும்போதெல்லாம் தூக்கினால், அழுதால் பலன் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும் என்பது அதன் அடிப்படை. 'தூக்கிப் பழக்காதே, அப்புறம் இறங்கவே இறங்காது' என்று நம் வீடுகளில் சொல்வதற்கு அவர் அறிவியல் முத்திரை குத்தினார் என்று வைத்துக்கொள்ளலாம்.

குழந்தைக்கு அம்மா மீது ஏன் பாசம் வருகிறது என்ற கேள்விக்கும் அந்தக் காலத்தில் சுலபமான பதில் இருந்தது. பசிக்கிறது, பால் கிடைக்கிறது. பால் தருபவர் மீது பற்று வருகிறது. நடத்தையியலாளர்களும் பிராய்டின் வழிவந்தவர்களும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்டாலும், இதில் ஏறத்தாழ ஒரே கட்சிதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் பிள்ளை பாலுக்காக மட்டும்தான் அழுகிறதா?

கம்பித் தாய், துணித் தாய்

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குகளை வளர்த்துவந்த ஹாரி ஹார்லோ, ஒன்றைக் கவனித்தார். நோய் தொற்றாமலிருக்கத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்த குட்டிகள், கூண்டின் தரையில் விரித்திருந்த துணியை விடாமல் கட்டிக்கொண்டன. துவைப்பதற்காக அதை எடுத்தால் ஆர்ப்பாட்டம் செய்தன. துணியில் ஏது பால்?

ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பி வலை. இன்னொன்றில் கம்பிக்குப் பதிலாக மெத்தென்ற துணி சுற்றிய உடல். எட்டுக் குட்டிகளில் நான்குக்குக் கம்பித் தாயிடம் பால் புட்டி. மற்ற நான்குக்குத் துணித் தாயிடம். கம்பித் தாயிடம் பால் குடித்த குட்டிகளும் குடித்து முடித்ததும் துணித் தாயிடம் ஓடிவிட்டன; நாளில் பெரும்பகுதியை அதன் மேலேயே கழித்தன. பயமுறுத்தும் பொம்மையைக் கூண்டில் விட்டபோதும் துணித் தாயிடம்தான் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டன. 1958-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் ஹார்லோ இதை வெளியிட்டார். பாசத்துக்குப் பாலே காரணம் என்ற கொள்கை அன்றோடு ஆட்டம் கண்டது.

துணித் தாயும் போதவில்லை என்பது பின்னால் தெரிந்தது. அப்படி வளர்ந்த குரங்குகளுக்கு மற்ற குரங்குகளோடு பழகத் தெரியவில்லை; பெண் குரங்குகள் பல, தாமே தாயானபோது குட்டியைப் பேணத் தெரியாமல் விட்டன. அதற்குப் பிறகு குட்டிகளை மாதக்கணக்கில் தனிமையில் அடைத்து ஹார்லோ நடத்திய சோதனைகள் கொடூரமானவை. அன்பின் தேவையை நிரூபித்த ஆய்வு, அன்பை மறுத்துத்தான் அதை நிரூபித்தது. அந்தக் கறை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

மூன்று கட்டங்கள்

குழந்தைகளை வைத்து இப்படிச் சோதனை செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. போரும் மருத்துவமனையும் அநாதை இல்லமும் குழந்தைகளைத் தாயிடமிருந்து ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தன. அந்தக் குழந்தைகளை உற்றுப் பார்த்தவர் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பவுல்பி. வசதியான வீட்டில் பிறந்த அவரை வளர்த்தவர் செவிலித்தாய். அவருக்கு நான்கு வயதானபோது அந்தப் பெண் வேலையை விட்டுப் போனார். தாயை இழந்தது போன்ற துயரம் அது என்று பின்னாளில் பவுல்பி நினைவுகூர்ந்திருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-ல் அவர் எழுதிய அறிக்கை, குழந்தைக்குச் சோறும் சுத்தமும் போல நிலையான ஒரு உறவும் அடிப்படைத் தேவை என்றது. அவரிடம் வேலைக்குச் சேர்ந்த சமூகப் பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன்தான் லாராவைப் படமெடுத்தவர். போர்க்காலத்தில் உளவியலாளர் அன்னா பிராய்டின் குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். அங்கே வேலை செய்பவர் யாரானாலும், குழந்தைகளிடம் கண்டதை அட்டையில் எழுதித் தர வேண்டும். அவருடைய உற்றுநோக்கும் பழக்கம் அங்கே வந்தது.

அன்றைய லண்டன் மருத்துவமனைகள் சிலவற்றில் வாரம் ஒரு முறை சில மணி நேரம்தான் பெற்றோருக்கு அனுமதி. சிலவற்றில் குழந்தை தூங்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கலாம். அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது. அதனால் வராமலிருப்பதே நல்லது என்பது வாதம். ராபர்ட்சன் மூன்று கட்டங்களைக் கண்டார். முதலில் குழந்தை கத்திக் கதறி எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்ந்து கிடக்கிறது. கடைசியில் யார் வந்தாலும் சிரிக்கிறது, அம்மா வந்தால் கண்டுகொள்வதில்லை. இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் 'பழகிவிட்டது' என்று வார்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1959-ல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

திரும்பி வரும் நொடி

பவுல்பியின் கருத்துக்கு அளவுகோல் தந்தவர் மேரி ஐன்ஸ்வொர்த். 1950-ல் செய்தித்தாள் விளம்பரம் பார்த்து பவுல்பியிடம் வேலைக்குச் சேர்ந்தவர். கணவருக்கு உகாண்டாவில் வேலை கிடைக்க, அவருடன் போனார். கம்பாலா அருகே கிராமங்களில் 26 தாய்மாரின் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளரோடு போய் உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்தார். தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த தாயின் குழந்தை, அவளிடம் நிம்மதியாக இருந்ததைக் கண்டார்.

பிறகு பால்டிமோரில் 26 குடும்பங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ஓராண்டு. அதன் முடிவில் சுமார் 20 நிமிடச் சோதனை ஒன்று: புது அறை, விளையாட்டுச் சாமான்கள், அறிமுகமில்லாத ஒருவர். தாய் சில நிமிடம் வெளியே போய் வருவார். இதற்கு 'அந்நியச் சூழல்' சோதனை என்று பெயர்.

தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதுதான் அதிகம் சொன்னது. பெரும்பாலான குழந்தைகள் தாயிடம் வந்து ஒட்டி, ஆறுதல் அடைந்து, மறுபடி விளையாடப் போயின. சில, தூக்கச் சொல்லியும் தூக்கினால் உதைத்தும் ஆறாமல் தவித்தன. இன்னும் சில அழவில்லை. தாய் வந்த பிறகும் பொம்மையைப் பார்த்துக்கொண்டே இருந்தன. தைரியசாலிகள் என்று தோன்றும். ஆனால் இதயத் துடிப்பை அளந்த பிற்கால ஆய்வாளர்கள், அந்தக் குழந்தைகளின் உள்ளும் பதற்றம் இருப்பதைக் கண்டார்கள்.

முதல் மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகள், ஓராண்டு முடிவில் குறைவாகவே அழுதன என்று 1972-ல் ஐன்ஸ்வொர்த்தும் சில்வியா பெல்லும் எழுதினார்கள். ஐன்ஸ்வொர்த் இந்த ஆய்வைச் செய்ததும், வாட்சன் ஒரு காலத்தில் பாடம் நடத்திய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்துகொண்டுதான். அழுகை பற்றிய அந்த முடிவை நடத்தையியலாளர்கள் விடாமல் மறுத்தார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாமும் அதே முடிவைத் தரவில்லை. ஆகவே சற்றே அழவிட்டால் குழந்தை கெட்டுவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பவுல்பி எல்லாப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றினார் என்ற குறையும் நியாயமானதே. அப்பா, பாட்டி, செவிலித்தாய் என நிலையாக உடன் இருக்கும் எவரிடமும் குழந்தைக்குப் பிணைப்பு உண்டாகும்.

வாட்சன் தன் கடைசிக் காலத்துக்கு வெகு முன்பே, போதிய அறிவு இல்லாமல் அந்தக் குழந்தை வளர்ப்பு நூலை எழுதிவிட்டதாக வருந்தினார். இன்று மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் கட்டிலுக்குப் பக்கத்தில் தாயோ பாட்டியோ இருப்பது நமக்கு வெகு சாதாரணம். ஆகவே, பள்ளியிலோ காப்பகத்திலோ 'உங்கள் பிள்ளை அழவே இல்லை' என்று சொன்னால் சந்தோஷப்படுங்கள். கூடவே, நீங்கள் அழைத்துவரப் போகும்போது உங்களை நோக்கி ஓடி வருகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.