உங்கள் பூட்டனாரின் பத்திரம் எங்கே? தெமோதரையில் தொடங்கும் ஒரு புதிர்

கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் வருபவர்களுக்கு எல்லவைத் தாண்டியதும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. தெமோதரை ஸ்டேஷனில் வண்டி நின்று புறப்படும். மலையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கும். சற்று நேரத்தில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். அந்தச் சுரங்கத்துக்கு மேலே இருப்பது, கொஞ்ச நேரத்துக்கு முன் நாம் நின்ற அதே ஸ்டேஷன்தான். தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று ஊவாவில் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, கதை அழகானது.

சுற்றிச் சுற்றிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் கேள்விகளும் சில உண்டு. "நீங்கள் எங்கிருந்து வந்தவர்கள்?" என்பது அவற்றில் ஒன்று. இந்த நாட்டு முஸ்லிம்களிடம் இது அடிக்கடி கேட்கப்படுகிறது. பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் வாழும் மலையக மக்களிடமோ இதைச் சட்டமே கேட்டது. விளையாட்டாகத் தொடங்கி, அந்தக் கேள்வியைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

107 கோடி முன்னோர்கள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்களுக்குப் பெற்றோர் 2 பேர். பாட்டன் பாட்டிமார் 4 பேர். பூட்டன் பூட்டிமார் 8 பேர். ஒவ்வொரு தலைமுறைக்கும் இரட்டிப்பாகும். 10 தலைமுறை பின்னால் போனால் 1,024 பேர். 20 தலைமுறைக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டிவிடும். 30 தலைமுறைக்கு 107 கோடியே 37 இலட்சத்துக்கும் அதிகம்.

ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று வைத்தால், 30 தலைமுறை என்பது 750 ஆண்டுகள். அந்தக் காலத்தில் உலகத்தின் மொத்த சனத்தொகையே ஏறக்குறைய 40 கோடிதான். உங்கள் ஒருவருடைய முன்னோர்களே 107 கோடி என்றால், மீதி ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

விடை எளிது. ஒரே ஆள் பல இடங்களில் வருகிறார். உங்கள் வாப்பாவும் உம்மாவும் மாமி மகன், மாமா மகள் முறையில் திருமணம் செய்தவர்களானால், உங்களுக்குப் பூட்டன் பூட்டிமார் 8 பேர் அல்ல, 6 பேர்தான். இந்த வழக்கம் நம்மிடமும் உண்டு, தோட்டத்து மக்களிடமும் உண்டு. பின்னோக்கிப் போகப் போக, எல்லாருடைய வம்ச மரங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உங்கள் மரமும் பக்கத்துத் தோட்டத்து மாரிமுத்துவின் மரமும் எங்கோ ஓரிடத்தில் ஒரே கிளையாகத்தான் இருக்கும். "மனிதர் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று ஜும்ஆ மேடையில் கேட்பதைக் கணக்கும் தன் பாஷையில் சொல்கிறது.

இருவருமே ஜெயித்த வாதம்

இப்போது நம் வீட்டுச் சண்டைக்கு வருவோம். 1885இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர்களே என்று அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாதிட்டார். 1888இல் அது அச்சிலும் வந்தது. நாம் பேசும் மொழி, நம் பழக்கவழக்கங்கள் எல்லாவற்றையும் சான்றாக அடுக்கினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதி, நம் மூதாதையர் அரபு வணிகர்கள் என்று நிறுவ முயன்றார். இது வெறும் ஆராய்ச்சிச் சண்டை அல்ல. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி அதன் பின்னால் இருந்தது. 1889இல் எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டதும் அந்தச் சூழலில்தான்.

மேலே போட்ட கணக்கை இதன் மேல் வைத்துப் பாருங்கள். வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று ஒரே நேர்கோட்டில் 30 தலைமுறை போனால் கிடைப்பவர் ஒருவர். ஆனால் அந்தப் படியில் இருக்கும் இடங்களோ 107 கோடி. அரபு வணிகர் ஒருவர் அந்த மரத்தில் இருக்கிறார் என்றால் அஸீஸ் சொன்னது சரி. தமிழ் பேசிய உம்மாமார் அதே மரத்தில் இருக்கிறார்கள் என்றால் இராமநாதன் காட்டிய சான்றுகளும் சும்மா வந்தவை அல்ல. "இதுவா, அதுவா?" என்ற கேள்விதான் பிழை. அரபுத் தொடர்பை மறுக்க இதைச் சொல்லவில்லை. அந்தத் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த மண்ணில் நமக்குள்ள உரிமை ஓர் அங்குலம் கூடவோ குறையவோ போவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

வம்சம் தகப்பன் வழியில் மட்டும்தான் வரும் என்று அடித்துப் பேசுபவர்களுக்கு இன்னொரு புதிர். நபி (ஸல்) அவர்களின் வம்சத்தினர் என்று நாம் கண்ணியப்படுத்தும் மௌலானாமார் எல்லாரும் யார் வழியாக அந்த வம்சத்துக்குள் வருகிறார்கள்? மகள் ஃபாத்திமா (ரழி) வழியாக. ஈஸா (அலை) அவர்களைக் குர்ஆன் மர்யமின் மகன் என்று தாயின் பெயரோடு சேர்த்தே அழைக்கிறது. தாய்வழி கணக்கில் சேராது என்ற விதியை வைத்தால் நாம் எதை எதை இழப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

காகிதம் பிறக்கும் முன் பிறந்தவர்கள்

அந்த விதியைத்தான் ஒரு நாடு 1948இல் சட்டமாக எழுதியது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் இரண்டில் ஒன்று வேண்டும். அவருடைய தகப்பனார் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதன் பிறகு பிறக்கும் பிள்ளைக்கு, பிறக்கும் நேரத்தில் தகப்பன் பிரஜையாக இருக்க வேண்டும்.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் 1908இல் பிறந்த மாரிமுத்து என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய தகப்பனார் 1883 அளவில் அதே தோட்டத்தில் பிறந்தவர் என்றும் வைப்போம். சட்டப்படி மாரிமுத்து பிரஜைதான். ஆனால் நிரூபிக்க வேண்டுமே! இந்த நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமானது 1897இல்தான். காகிதம் கட்டாயமாகும் முன் பிறந்தவரின் காகிதத்தைக் கொண்டுவா என்றால் எங்கே போவது? 1901 முதல் கடல் கடந்து வந்தவர்களுக்குத் தோட்ட இலக்கம் பொறித்த தகர டிக்கட் கொடுத்து எண்ணிக் கணக்கு வைக்கத் தெரிந்திருந்தது. லயத்தில் பிறந்த குழந்தைக்குக் காகிதம் இருந்ததா என்பதுதான் பெரும்பாடு.

இன்னொன்றும் கவனியுங்கள். ஒருவருக்குப் பூட்டன் பூட்டிமார் 8 பேர் என்று பார்த்தோம். சட்டம் அவர்களில் ஒருவரைத்தான் கேட்டது. மற்ற 7 பேரும் பதுளை மண்ணிலேயே பிறந்து அதிலேயே அடங்கியிருந்தாலும் அது கணக்கில் இல்லை.

இதே பரீட்சையை எல்லாருக்கும் வைத்திருந்தால்? 1948இல் எந்தச் சிங்களக் கிராமத்தில், எந்த முஸ்லிம் ஊரில், தகப்பனின் பத்திரம் வீட்டுக்கு வீடு இருந்திருக்கும்? சட்டம் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. பத்திரம் கேட்கப்பட்டதோ சிலரிடம் மட்டும். சான்று இல்லை என்பது வேறு, உண்மை இல்லை என்பது வேறு. அந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆக்கப்பட்டனர்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. அன்றைய அமைச்சரவையில் தமிழரும் இருந்தனர், முஸ்லிமும் இருந்தார். அடுத்து வந்த 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்' சட்டம். தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களிலிருந்து வந்து மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருந்த நம்மவர்களும் அதே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. குடிசன மதிப்பீட்டில் அவர்களுக்கு 'இந்தியச் சோனகர்' என்று தனிக் கட்டமே இருந்தது. அச்சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டது. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை மறுபக்கம் போன கதைகள் ஊவாத் தோட்டங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன.

தஸல்ஸுல், தவ்ர், ஆதம்

மதரஸாவில் அகீதா படித்தவர்களுக்கு இரண்டு சொற்கள் ஞாபகம் இருக்கும். தஸல்ஸுல் என்றால் முடிவே இல்லாமல் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும் தொடர். தவ்ர் என்றால் சுற்றி வந்து தன்மீதே நிற்கும் வாதம், தெமோதரை ரயில்பாதை மாதிரி. இரண்டும் ஒரு கேள்விக்கு விடையாகாது என்று நம் உலமாக்கள் பல நூற்றாண்டுகளாகக் கற்பித்து வருகிறார்கள்.

ஒவ்வொரு மனிதனுக்கும் மனிதத் தந்தை ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று விதிவிலக்கில்லாமல் சொன்னால் முதல் மனிதர் வரவே முடியாது. நம் ஈமானில் அந்தத் தொடர் ஆதம் (அலை) அவர்களிடம் நிற்கிறது. அல்லாஹ் அவர்களைத் தந்தையும் தாயுமின்றி மண்ணிலிருந்து படைத்தான்.

அதேபோல, இலங்கையனுக்குப் பிறந்தவன்தான் இலங்கையன் என்று சொல்லிப் பாருங்கள். முதல் இலங்கையன் யாருக்குப் பிறந்தான்? மகாவம்சத்தின்படி விஜயனும் கடல் வழியாகவே வந்தான். நம்மவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் செய்தியின்படி ஆதம் (அலை) அவர்களும் ஸரந்தீபில் இறங்கியவர்கள், இங்கே பிறந்தவர்கள் அல்லர். மஹியங்கனைக்குப் பக்கத்தில் தம்பானையில் வாழும் வேடர்களுக்கு முன்னால் யார் நின்று "நாங்கள்தான் முதலில்" என்று சொல்ல முடியும்?

ஆகவே தொடரை எங்கோ ஓரிடத்தில் நிறுத்தத்தான் வேண்டும். 1948இல் அது தகப்பனிலும் பூட்டனிலும் நிறுத்தப்பட்டது. ஏன் அங்கே என்பதற்குத் தர்க்கத்தில் பதில் இல்லை. கோடு எங்கே விழுந்தால் யார் வெளியே நிற்பார்கள் என்று தெரியாமல் யாரும் கோடு போடுவதில்லை.

தேயிலைச் செடியும் வெளியிலிருந்து வந்ததுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் அதைப் பயிரிட்டார். சில பத்தாண்டுகளில் அது 'சிலோன் டீ' ஆகி உலகமெல்லாம் போனது. அதன் பூட்டன் செடி எங்கே முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கொழுந்து பறித்த கையைத்தான் கேட்டார்கள்.

2003உம் ஒரு வசனமும்

2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஏகமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. பூட்டனார் எங்கே பிறந்தார் என்ற கேள்வி போய், நீ எங்கே வாழ்கிறாய் என்ற கேள்வி வந்தது. அதே ஆண்டு வந்த வேறொரு திருத்தத்தால் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்றாயிற்று. புதிரை அவிழ்க்க 55 ஆண்டுகள் எடுத்தன. காணி உரிமை என்ற அடுத்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போன லயங்களில் இருந்தவர்களுக்குத் தமக்கென்று ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்குத் தெரியும். சமூகங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பது அதன் கருத்து. அல்அஹ்ஸாபின் 5ஆம் வசனத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையர் பெயரால் அழைக்கச் சொல்லும் வசனம் அது. தந்தையர் யாரென்று தெரியாவிட்டால்? அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள் என்கிறது. அது மார்க்கச் சகோதரத்துவம் பற்றியது என்பது உண்மையே. ஆனாலும் அது போகும் திசையைப் பாருங்கள். தகப்பன் பெயர் கிடைக்காதபோது சட்டம் ஆளை வெளியே தள்ளியது. குர்ஆன் உள்ளே அழைக்கிறது.

"நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று நம்மிடம் யாராவது கேட்டால், ஆயிரம் வருடத்து அரபு வம்சாவளியை எடுத்து விரிக்காமல் இருப்போம். அந்தக் கேள்வியை ஏற்றுப் பதில் சொல்லத் தொடங்கினால், பத்திரம் இல்லாத மாரிமுத்துவை வெளியே நிறுத்திய அதே தராசை நாமும் சரி என்று ஒப்புக்கொண்டவர்களாவோம். நாளை அதே தராசில் நம்மையும் நிறுப்பார்கள்.

தோட்டப்புற நகரங்களில் நம்மவர்களின் பழைய கடைகளில் ஒரு கடன் கொப்பி இருந்தது. அதில் ஆளின் பெயர், தோட்டம், லயம், அரிசி எத்தனை கொத்து என்று எழுதியிருக்கும். சம்பளத்தன்று வந்து கொடுப்பார் என்ற நம்பிக்கைதான் பிணை. பூட்டனார் பிறந்த ஊரை எழுத அந்தக் கொப்பியில் கட்டம் இருக்கவில்லை.