துவிச்சக்கர வண்டிச் சங்கிலியும் ஒரு துளி எண்ணெயும்

வீட்டிலுள்ள பொறிகளுள் எண்ணெயை மிகுதியாகப் பெற்றும், அதனால் மிகக் குறைந்த பயனையே அடைவது துவிச்சக்கர வண்டியின் சங்கிலி எனலாம். கீச்சென்ற ஒலி எழுந்தவுடன் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்து மேலெல்லாம் ஊற்றிவிடுதல் பலரது வழக்கம். ஒலி அடங்கிவிடும், தேய்வு அடங்காது. அஃது ஏன் என்பதை அறியவேண்டுமாயின், சங்கிலியின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

இன்று வழங்கும் உருளைச் சங்கிலியை 1880ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆக்கியவர், சுவிற்சர்லாந்திற் பிறந்த ஹான்ஸ் ரெனோல்ட் என்னும் பொறியியலாளர். மோட்டார்ச் சைக்கிளின் பின்சில்லைச் சுழற்றுவதும், கராஜ் கதவை மின்வலுவால் உயர்த்தும் பொறிகள் பலவற்றில் ஓடுவதும் இவ்வினத்துச் சங்கிலியே. இதன் ஒவ்வொரு மூட்டிலும் ஓர் உருக்கு முளை உண்டு. அம்முளையைச் சூழ்ந்து ஒரு சிறு குழலும், குழலின்மேல் ஓர் உருளையும் அமைந்துள்ளன. துவிச்சக்கர வண்டியில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையிலுள்ள தூரம் அரை அங்குலம். இவ்வாறு 100க்கும் மேற்பட்ட மூட்டுகள் ஒரு சங்கிலியில் உள்ளன.

பழைய சங்கிலியைக் கண்டு, "இழுபட்டு நீண்டுவிட்டது" என்பர். உண்மையில் உருக்குத் தகடுகள் நீள்வதில்லை. முளையும் குழலும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஏற்படும் மயிரிழையளவு தேய்வு ஒன்றுசேர்ந்து, சங்கிலி முழுவதையும் நீளச் செய்கின்றது. நீண்ட சங்கிலி பற்சில்லின் பற்களிற் பொருந்தி அமராது, பற்களையும் அரித்துவிடும். ஈற்றில், பாரமேற்றிய வண்டியை ஒருவர் முழுப் பலத்தோடு மிதிக்கும் வேளையில் சங்கிலி நழுவி, அவரை நிலத்தில் வீழ்த்தவுங்கூடும்.

ஆகவே எண்ணெய் சேரவேண்டிய இடம் முளைக்கும் குழலுக்கும் இடைப்பட்ட நுண்ணிய வெளியேயாம். மேற்புறத்தில் தங்கும் எண்ணெய் துருவைச் சிறிது தடுக்குமேயன்றி வேறு நன்மை செய்யாது. மாறாக, தெருப்புழுதியையும் மணலையும் ஈர்த்துக் கருஞ்சேறாகி, அரம்போல் நின்று உருக்கை அராவும். யாழ்ப்பாணத்துச் செம்மண் புழுதியிலும், தீவகப் பாலங்களின் உப்புக் காற்றிலும் ஓடும் வண்டிகளுக்கு இக்கேடு மிகுதி.

பராமரிக்கும் முறை எளிது. வண்டியை நிலைநிறுத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியாலோ தூரிகையாலோ அழுக்கைப் போக்குதல் வேண்டும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. மண்ணெண்ணெய் முற்றாக உலர்ந்தபின், மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றி, ஒவ்வோர் உருளைமீதும் ஒரு துளி எண்ணெய் விடுதல் போதும். சில நிமிடங்கள் கழித்து, உலர்ந்த துணியால் மேற்புறத்தை நன்கு துடைத்துவிடல் வேண்டும். பலர் மறப்பது இவ்விறுதிச் செயலையே. சில்லு விரைந்து சுழலும்போது சங்கிலியைத் தொடலாகாது. பற்களுக்கிடையே விரல் அகப்படின் பெருந்தீங்கு விளையும். பிரேக்குக் கட்டை பற்றும் றிம்மில் எண்ணெய் படாதிருத்தலும் வேண்டும்.

எண்ணெயின் தேர்வும் கவனத்திற்குரியது. தையற்பொறி எண்ணெய் மூட்டினுள் எளிதிற் புகும். ஆயினும் மழையில் விரைவிற் கழுவுண்டு போம். மாரிகாலத்திற்குச் சற்றுத் தடித்த பொறியெண்ணெய் ஏற்றது. கிறீஸ் உட்செல்லாது மேலேயே தங்கிவிடும். நல்லெண்ணெய் காற்றுப்பட்டுப் பிசினாகும். மோட்டார் வண்டியிலிருந்து கழித்த எண்ணெயில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும்.

தேய்வை அளக்க ஓர் அடிக்கோலே போதும். ஒரு முளையின் நடுவிலிருந்து எண்ணிவரும் 24ஆவது முளையின் நடு, புதிய சங்கிலியிற் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம் தாண்டியிருப்பின் சங்கிலியை மாற்றுங்காலம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தாண்டியிருப்பின் பற்சில்லுகளும் பழுதுற்றிருத்தல் கூடும். அப்போது செலவு பன்மடங்காகும். சங்கிலியின் நடுப்பகுதி மேலுங் கீழும் ஏறக்குறைய அரை அங்குலம் அசைதல் நன்று. அதனினும் இறுக்கமாயின் அச்சுக் குண்டுகள் தேயும். மிகத் தளர்ந்தாற் சங்கிலி கழன்றுவிடும்.

இவ்வளவு கவனம் ஒரு சங்கிலிக்கு வேண்டுமோ என்று சிலர் வினவலாம். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமின்றி, எரிபொருளும் அரிதாயிருந்தபோது, மாணவரையும் நோயாளரையும் விறகுக் கட்டுகளையும் சுமந்தவை துவிச்சக்கர வண்டிகளே. மிதியைச் சுழற்றி, டைனமோவால் மின் பிறப்பித்து வானொலிச் செய்தி கேட்ட குடும்பங்கள் பல. அச்செய்தி செவிக்கு எட்டியதிற் சங்கிலிக்கும் பங்குண்டு. 2022இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோதும், மூலையிற் கிடந்த வண்டிகளை மக்கள் மீண்டும் தேடினர். அத்தகைய தேவை முன்னறிவித்து வருவதில்லை. மழையில் நனைந்த நாளின் மாலையிலும், மற்றைக் காலங்களில் இரு கிழமைக்கு ஒருமுறையும் ஒரு துணியும் சில துளி எண்ணெயும் செலவிடுவோரது வண்டி, வேண்டும்பொழுது தடையின்றி ஓடும்.