வாக்குரிமை இல்லாமலே வாங்கிய சட்டம்

ஊசியோடு நம் பிள்ளையின் அருகில் வரும் தாதி, முறையாகப் பயின்று தேறியவர்தானா என்று நாம் கேட்பதில்லை. சீருடையைக் கண்டதும் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் பெரும் உழைப்பு உண்டு.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு காலத்தில் யார் வேண்டுமானாலும் தம்மைத் தாதி என்று சொல்லிக்கொள்ளலாம். மேரி லூயிஸ் வைச் என்ற தாதி இதைப் பொறுக்கவில்லை. 1902-இல் தாதியரைத் திரட்டி மாநிலச் சங்கம் அமைத்தார். சங்கத்தின் கோரிக்கை சட்டமன்றம் ஏறியது. 1903 மார்ச் மாதம், தாதியரைப் பதிவு செய்யும் அந்நாட்டின் முதல் சட்டம் பிறந்தது.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. பதிவு பெறாதவர் வேலை செய்யத் தடை வரவில்லை. 'பதிவு பெற்ற தாதி' என்ற பெயருக்கு மட்டுமே காப்புக் கிடைத்தது. ஆனால் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல்தான். ஓட்டுப் போட முடியாத பெண்கள் ஒரு சட்டத்தையே வாங்கினார்கள்!

அச்சங்கம் இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது. உயர்பயிற்சி பெற்ற தாதியர், மருத்துவரின் மேற்பார்வை என்ற கட்டாயமின்றிப் பணியாற்ற வேண்டும் என்பது அதன் நெடுநாள் கோரிக்கை. மருத்துவர் எட்டிப் பார்க்காத சிற்றூர்களுக்கு இது பெரிய உதவியாகும் என்கிறார்கள்.

சங்கக் கூட்டமென்றால் "நமக்கென்ன?" என்று வீட்டில் இருந்துவிடும் தாய்மார்களே, ஊர் கூடினால்தானே தேர் நகரும்?