காகாவின் கடைசிக் கணவாய்?

78 வயது ஓட்டுநரும் 1969-ம் ஆண்டு ஃபியட் காரும் மும்பையிலிருந்து புனேவுக்குப் புறப்படுகிறார்கள். பழைய கார்ப் பிரியர்களின் சந்திப்புக்கான இந்தப் பயணத்தில் ஒரு குடும்ப ஒப்பந்தமும் கூடவே வருகிறது.

காலை மணி ஐந்தேகால். தாதரில் அந்தத் தெரு இன்னும் விழிக்கவில்லை. பானெட்டைத் திறந்துவைத்து டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்க்கிறார் காகா. ரேடியேட்டரில் தண்ணீர், எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட் என்று வரிசையாக. பிறகு உட்கார்ந்து, சோக்கைப் பாதி இழுத்து, சாவியைத் திருப்புகிறார். மூன்றாவது முயற்சியில் வண்டிக்கு உயிர் வருகிறது. மாடிப்படியில் காகூ இறங்கி வருகிறார். ஒரு கையில் தெர்மாஸ் பிளாஸ்க்கும் சாபுதாணா கிச்சடி டப்பாவும். இன்னொரு கையில் நீண்ட கணக்கு நோட்டு.

காகா, காகூ என்றால் மராத்தியில் சித்தப்பா, சித்தி. தெருவில் எல்லோரும் அவர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்ற நிபந்தனையுடன்தான் பின் சீட்டில் நமக்கு இடம் கிடைத்தது. ஜவுளி மில் ஒன்றில் மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் காகா. சாம்பல் நிற ஃபியட் 1100 டிலைட், அவரது அப்பா பல ஆண்டு காத்திருந்து வாங்கியது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரித்த வண்டி. 1,089 சி.சி. எஞ்சின், ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கியர். இதே வண்டிதான் 70-களில் பிரீமியர் பிரசிடென்ட் என்றும் பிறகு பத்மினி என்றும் பெயர் மாறி, மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக நாடெங்கும் தெரிந்த முகமானது.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் புனேயில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு ஞாயிறன்று மைதானம் ஒன்றில் கூடுகிறார்கள். பரிசு, மேடை எதுவும் பெரிதாகக் கிடையாது. ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும், லாரியில் ஏற்றி வரக்கூடாது என்பது எழுதப்படாத விதி. தாதரிலிருந்து சுமார் 150 கி.மீ. எக்ஸ்பிரஸ் வேயில் இன்றைய கார்கள் மூன்று மணி நேரத்தில் போய்விடும். காகா ஆறு மணி நேரம் ஒதுக்கி, சனிக்கிழமையே கிளம்புகிறார். அதுவும் பழைய சாலையில். “எல்லோரும் நூறில் போகும் இடத்தில் நான் அறுபதில் போனால் அது பாதுகாப்பு அல்ல, தொந்தரவு” என்கிறார்.

ஒப்பந்தம் இதுதான். போன வருடம் காகாவுக்கு இரண்டு கண்களிலும் புரை அறுவை சிகிச்சை நடந்தது. பெங்களூரில் இருக்கும் மகள், காட் சாலையில் இனி அப்பா வண்டி ஓட்டக்கூடாது என்கிறார். அடுத்த கோடையில் ஓட்டுநர் உரிமமும் காலாவதியாகிறது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு உரிமத்தை ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிப்பார்கள், மருத்துவச் சான்றிதழோடு. உச்ச வயது வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. எனவே முடிவை வீட்டிலேயே எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு முறை போய் வரட்டும், அதைப் பார்த்து அம்மா தீர்ப்புச் சொல்லட்டும் என்று சமரசமானது. காகூவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் 1977-ல் திருமணமாகி வந்த நாளிலிருந்து இந்த வண்டிக்கு ஊற்றிய ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும், பஞ்சர் ஒட்டிய ஒவ்வொரு ரூபாயும் அவர் நோட்டில் இருக்கின்றன. இது ஒன்பதாவது நோட்டு.

வாஷி பாலத்தைக் கடக்கும்போது சுங்கச் சாவடியில் யாரும் நிறுத்தவில்லை. மும்பை நுழைவாயில்களில் கார்களுக்கு 2024 அக்டோபர் முதல் கட்டணம் இல்லை. “ஒரு வரி மிச்சம்” என்கிறார் காகூ, நோட்டை மூடாமலே.

பன்வேலுக்கு முன் பெட்ரோல் பங்க். காகாவின் முகம் சற்று மாறுகிறது. 2030-க்குள் எட்டத் திட்டமிட்டிருந்த 20 சதவீத எத்தனால் கலப்பு 2025-லேயே வந்துவிட்டது. நாட்டுக்கு இறக்குமதிச் செலவு குறையலாம். ஆனால் இந்த வண்டியின் ரப்பர் குழாய்களும் பம்பு டயாஃப்ரமும் எத்தனாலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டாங்க்கில் துரு பிடிக்கும், ரப்பர் உப்பும். காகா குழாய்களையெல்லாம் மாற்றிவிட்டார். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பதும் இல்லை. “நின்றால்தான் இதற்குக் கேடு. ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது” என்றவர், மனைவி தன்னைப் பார்ப்பதை உணர்ந்து பேச்சை நிறுத்துகிறார்.

உதிரி பாகம் இன்னொரு கவலை. டாக்சிகள் இருந்தவரை குர்லாவில் நுழைந்தால் எதுவும் கிடைக்கும். 20 வருட வரம்பின்படி மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் 30-ல் விடைபெற்றது. அதற்குப் பிறகு உடைத்த வண்டிகளிலிருந்து வந்ததுதான் சரக்கு. டிக்கியில் கண்டென்சர், காண்டாக்ட் பாயின்ட், ரோட்டார், பிளக்குகள், இரண்டு ஃபேன் பெல்ட் எல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

சட்டம் இத்தகைய வண்டிகளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத கார்களை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டு செல்லுபடி. ஏற்கனவே எண் உள்ள வண்டிக்கு அந்த எண்ணே தொடரும். ஆனால் அதற்குப் பிறகு அன்றாட உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். காகாவின் நண்பர்கள் சிலர் அப்படி மாற்றிக்கொண்டார்கள். அவர் மறுத்துவிட்டார். “ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்க எதில் போவேன்?”

விண்டேஜ் என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது நம் தொழில் சார்ந்த சிக்கல். அது திராட்சை மதுவின் ஆண்டைக் குறிக்கும் சொல். நம் பத்திரிகைகள் ‘பழங்காலக் கார்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இந்தக் கார் பழங்காலம் என்றால், அதைவிட மூத்தவரான ஓட்டுநரை எதில் சேர்ப்பது என்று கேட்டபோது காகாவைவிட உரக்கச் சிரித்தவர் காகூ.

கோபோலியைத் தாண்டியதும் சிரிப்பு அடங்குகிறது. போர் காட் ஏற்றம். 1830-ல் வண்டிகள் செல்லும் சாலையாகத் திறக்கப்பட்ட இந்தக் கணவாய் இன்றும் பழைய எஞ்சின்களுக்குப் பரீட்சை மண்டபம். காகா பேச்சை விட்டுவிட்டார். இரண்டாவது கியர், சில வளைவுகளில் முதல் கியர். வெப்பம் காட்டும் முள் மேலே நகர்கிறது. “அஹோ, டிரக்!” என்கிறார் காகூ. கணவரின் பெயரைச் சொல்லாத தலைமுறை மராத்திப் பெண்களின் அழைப்பு அது. “பார்த்துவிட்டேன்” என்கிறார் இவர். பார்த்துத்தான் இருக்கிறார். வண்டி ஏற்கனவே இடது ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.

இரண்டு வளைவு தாண்டி எஞ்சின் திணறுகிறது, இருமுகிறது, நின்றுவிடுகிறது. பின்னால் ஹாரன்கள். கைபிரேக்கை இழுத்துவிட்டு அவசரமில்லாமல் இறங்குகிறார் காகா. நாம் டயருக்குக் கல் வைக்கிறோம். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டது. ஆவியை இழுக்கும் சக்தி அந்தச் சின்ன பம்புக்கு இல்லை. பழைய டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்த வைத்தியம்தான்: துணியை நனைத்து பம்பைச் சுற்றிக் கட்டிக் காத்திருப்பது. துணி காகூவின் பையில் தயாராக இருந்தது. பன்னிரண்டு நிமிடம். மோட்டார் சைக்கிளில் வந்த இரு இளைஞர்கள் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் கூடவே ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுபடி கிளம்பி ஷிங்ரோபா கோயிலில் நிறுத்தம். இந்த மலையில் ஆங்கிலேயருக்கு வழி காட்டிய ஆட்டிடையர் ஷிங்ரோபா. காட்டிய பிறகு அவரையே கொன்றுவிட்டார்கள் என்பது வாய்மொழிக் கதை. லாரி ஓட்டுநர்கள் ஓடும் வண்டியிலிருந்தே காசு எறிந்துவிட்டுப் போவார்கள். காகா இறங்கி வைக்கிறார். அந்தக் காசும் நோட்டில் ஏறுகிறது.

புனே மைதானத்தில் ஞாயிறு காலை நாற்பது வண்டிகள் இருக்கும். அம்பாசடர்கள், மாரிஸ் மைனர், பூண்டுபோல் உருண்ட ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். முன்கதவு பின்னோக்கித் திறக்கும் பழைய ஃபியட் ஒன்று. அதன் உருண்ட உடம்பைப் பார்த்து மும்பைக்காரர்கள் வைத்த பெயர் ‘டுக்கர்’, அதாவது பன்றி. உரிமையாளரே அன்போடு அப்படித்தான் அழைக்கிறார். நமக்கு உறவுக்காரர்போல் ஒரு வெள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. சென்னைப் பக்கம் பெருங்களத்தூரில் தயாரானது.

சில புதுப் பணக்காரர்களின் வண்டிகள் கண் கூசப் பளபளத்தன. விதியை மீறி லாரியில் வந்தவையும் இருந்தன என்று பேச்சு. காகாவின் பானெட்டில் காட் சாலைத் தூசி அப்படியே இருந்தது. துடைக்க விடவில்லை. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர் நல்ல விலை சொன்னார். காகா தலையசைத்து மறுத்துவிட்டு, அவருடைய பத்மினி ஏன் ஐடிலிங்கில் நிற்காமல் அணைகிறது என்று பார்க்கப் போய்விட்டார். காதைச் சாய்த்துக் கேட்டு, கார்ப்பரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினார். சீராகியது. அதன் பிறகு மதியம் வரை அவரை ஒவ்வொரு வண்டியாக அழைத்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அவர் சாப்பிட வந்தார். புறப்பட மணி நாலரை ஆகிவிட்டது. இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று காகூ சொல்லியிருந்தார்.

லோணாவ்லாவில் இருட்டிவிட்டது. எதிரே வரும் வண்டிகளின் எல்.இ.டி. விளக்குகள் வெள்ளைச் சுவராக வந்து மோதுகின்றன. காகா வேகத்தைக் குறைத்து முப்பதுக்கு வந்தார். பிறகு இருபத்தைந்து. கார் முழுக்க அமைதி. காகூ “அஹோ” என்றுகூடச் சொல்லவில்லை. நாமும் எதுவும் சொல்லவில்லை. இறக்கம் தொடங்கும் முன், கண்டாளாவில் விடுதி ஒன்றின் வாசலில் இண்டிகேட்டர் போட்டு ஒதுக்கி நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கிலேயே கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார்.

“விளக்குகள் உடைந்து உடைந்து தெரிகின்றன. ராத்திரியில் இனி முடியாது.”

“பகலில்?” என்றார் காகூ.

“நீதான் சொல்ல வேண்டும்.”

காகூ பதில் சொல்லவில்லை. மகளுக்குப் போன் செய்து, காலையில் வருகிறோம், நன்றாக இருக்கிறோம் என்று மட்டும் சொன்னார். பிறகு வரவேற்பறை விளக்கடியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். கண்டாளா, இரவுத் தங்கல், அறை வாடகை. ஓடிய கிலோமீட்டர். போட்ட பெட்ரோல். போகும்போது காட்டில் 12 நிமிடம். கீழே ‘தீர்ப்பு’ என்று அவர் எதுவும் எழுதவில்லை. ஆனால் பக்கத்தின் கடைசி வரி இது: ‘பம்புக்குத் துணி பழசாகிவிட்டது. புதிது வாங்க வேண்டும்.’